கண்ணாடி இல்லாத முகம்

அத்தியாயம் பதினொன்று

ஆபரேஷனுக்குப் போகிற அன்று காலையில் சின்னவள் குளியலறையில் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தாள். தலைக்கு இன்றைக்கே குளித்துவிடுங்கள், அப்புறம் கொஞ்ச நாளைக்குக் கண்ணில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று கண் மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பவுடர், சென்ட், கண்மை எதுவும் கூடாது. தலைவழியாகக் கழற்றுகிற உடுப்பு வேண்டாம், முன்பக்கம் பட்டன் வைத்ததாகப் போட்டுக்கொள்ளுங்கள். கூட ஒருவர் கட்டாயம் வரவேண்டும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் வீடு ஒரு வாரமாக முறைத்துக்கொண்டு கிடந்தது. அம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள். ஊரில் வேறு ஆஸ்பத்திரியே இல்லையா என்று முதலில் கேட்டாள். கண்ணில் கத்தி வைக்கிறவர்களை நம்பலாமா என்று பிறகு கேட்டாள். எதுவும் எடுபடவில்லை என்றதும் பேச்சையே நிறுத்திக்கொண்டாள். நேற்று சாயங்காலம் மட்டும் வாயைத் திறந்தாள்.

"நீ எங்க வேணா போ. அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம் என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள். அதனால் அக்காவின் கணவரை, அத்தானை, கேட்க வேண்டியதாயிற்று.

கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தலை துவட்டும்போது தோன்றியது. ஆனால் விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவள் வேலை பார்க்கும் குளிர்கிடங்கில் உறைய வைத்த மீனும் பட்டாணியும் கூரைவரை அடுக்கியிருக்கும். உள்ளே போய்ப் பெட்டிகளைச் சரிபார்த்துவிட்டு வெளியே வெயிலுக்கு வந்தால், மூக்குக் கண்ணாடி மாவு பூசியதுபோல் வெளுத்துவிடும். போன மாதம் அப்படி வெளுத்த நேரத்தில்தான் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தது. ஓட்டுநர் கத்தியதால் தப்பினாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்தன. மிச்சம் இருந்தது லேசர்தான்.

இதில் அத்தான் என்ன, அம்மா என்ன என்று கேட்கலாம். அந்தக் குடும்பத்தில் கண்ணாடிதான் ஆளுக்கு அடையாளம்.

பெரியவளும் சின்னவளும் இரட்டையர். ஒரே முகம், ஒரே குரல், கோபம் வந்தால் ஒரே மாதிரி உதட்டைக் கடிப்பது. இரண்டாம் வகுப்பில் சின்னவளுக்குக் கண்ணாடி வந்தபோது மொத்தப் பள்ளிக்கூடமும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அன்றிலிருந்து கண்ணாடி போட்டது சின்னது, போடாதது பெரிது. பெரியவளுக்குக் கழுகுக் கண் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள். தூரத்தில் வருகிற பஸ்ஸின் எண்ணைப் பெரியவள்தான் படித்துச் சொல்வாள்; சின்னவள் ஏறுவாள்.

அந்தக் கழுகுக் கண்ணுக்காரிதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், பட்டப்பகலில், பெரிய சாலையைக் கடக்கும்போது பஸ்ஸில் அடிபட்டுப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக நடந்து வந்தாள் என்று ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். எதற்காக அந்தச் சாலையைக் கடக்கப் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம்வரை அத்தானும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவர், கிடங்கின் சரக்கு லிஃப்ட்டைப் பழுதுபார்க்க வந்தபோது, வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே சின்னவளிடம் சொல்லிவிட்டார். அன்று காலையில் பெரியவள் அவருடைய டீயைத் தட்டிவிட்டிருக்கிறாள். பக்கத்திலேயே இருந்த டம்ளர். கொஞ்ச நாளாகவே அப்படித்தான், கதவு நிலையில் தோளை இடிப்பாள், குழந்தையின் விளையாட்டுச் சாமானை மிதிப்பாள். எரிச்சலில் அவர், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவள் பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

"அவ பார்க்காம போயிருப்பான்னு நீ நம்பறியா?" என்று அத்தான் கேட்டார். "பார்த்துட்டேதான் போயிருக்கா."

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் சின்னவள் இப்போது அவருடைய வேனில் ஏறினாள். வேனுக்குள் கிரீஸும் இரும்புக் கயிறும் மணத்தன. அம்மா ஜன்னலுக்குக்கூட வரவில்லை.

*

காத்திருக்கும் கூடத்தில் அவளோடு இன்னும் சிலர் அதே சிகிச்சைக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசனை சொல்லும் பெண், விமானப் பணிப்பெண் மாதிரி நின்றுகொண்டு, நடக்கப்போவதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள், ஊசி கிடையாது. விழித்திருப்பீர்கள். வலி இருக்காது, அழுத்தம் இருக்கும். முடி கருகுகிற மாதிரி வாசனை வரும். பயப்படாதீர்கள், எதுவும் எரியவில்லை. முடிந்ததும் புகைக்குள் பார்க்கிற மாதிரி இருக்கும். மரப்பு போனதும் மணல் விழுந்த உறுத்தல், தண்ணீராகக் கொட்டும், வெளிச்சம் கூசும். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும். என்ன ஆனாலும் கண்ணைக் கசக்காதீர்கள். விளக்குகளைச் சுற்றிக் கொஞ்ச நாள் வளையம் தெரியும், கண் வறண்டு போகும், அதற்கும் சொட்டு உண்டு. நாளைக் காலையில் மறுபடி வந்து காட்டவேண்டும்.

ஒரு கல்லூரிப் பையன் கையைத் தூக்கி, நடுவில் தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். கண் நகர்ந்தால் லேசர் தானே நின்றுவிடும் என்றாள் அந்தப் பெண். தும்மினால் டாக்டர்தான் நகர்வார் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. அவர் அவளுடைய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் கூப்பிட்டார்கள். சின்னவள் எழுந்து கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

கழற்றியதும் உலகம் கரைந்துபோனது. அத்தான் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சட்டையும் அதன் மேலே ஒரு வெளிறிய கறையும் மட்டும் இருந்தன. சட்டென்று அவளுக்கு ஒன்று புரிந்தது. கண்ணாடி இல்லாத தன் முகத்தை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை. கழற்றிவிட்டால் அவர்கள் முகம் அவளுக்குத் தெரியாது. அம்மா எப்படிப் பார்த்தாளோ, அக்காவின் குழந்தை எப்படிப் பார்த்ததோ, இப்போது எதிரே நிற்கும் மனிதர் எப்படிப் பார்க்கிறாரோ.

கண்ணாடியை வாங்கிக்கொள்ள அவருடைய கை வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

*

உள்ளே சில்லென்று இருந்தது. தொப்பி மாட்டி, முகத்தைத் துடைத்து, படுக்கையில் படுக்க வைத்து, உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். பயம் வந்தால் அதை அமுக்கவேண்டுமாம். டாக்டரம்மா வெறும் குரலாக இருந்தார். குரல் நிதானமாக இருந்தது.

சொட்டு விழுந்தது. இடது கண்ணை மூடி ஒட்டினார்கள். வலது கண்ணின் இமைகளை ஒரு சின்னக் கம்பிக் கவ்வி விரித்துப் பிடித்துக்கொண்டது. சிமிட்டவேண்டும் என்று தோன்றினால் தோன்றட்டும், கவ்வி பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. பிறகு, "இப்ப ஒரு வளையத்தை வெச்சு அழுத்தப் போறேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாது. அது சரிதான். நாங்க இங்கயேதான் இருக்கோம்" என்றார்.

யாரோ கட்டைவிரலைக் கண்ணின் மேல் வைத்து ஊன்றுவதுபோல் இருந்தது. ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே நகர்ந்து வந்தது. நடுவில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சி, அதுவும் சுருங்கி, அணைந்தது.

அவள் பந்தை அமுக்கினாள். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே கட்டில். விளக்கணைப்பதற்கு முன்னால் சின்னவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால், கூரையில் பல்லி எங்கே போகிறது என்று பெரியவள்தான் பக்கத்தில் படுத்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போதும் இடதுபுறம் யாரோ மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. நர்ஸாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நர்ஸின் குரல் வலதுபுறத்திலிருந்து கேட்டது.

அழுத்தம் விலகியது. வெளிச்சம் திரும்பி வந்தது. கருவிழியின் மேல்தோலைப் பாலேடு விலக்குவதுபோல் மெல்ல விலக்கினார்கள். வலி இல்லை, எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. பச்சைப் புள்ளியையே பாருங்கள் என்றார்கள். பார்த்தாள். டிக் டிக் டிக் என்று சத்தம், அந்தக் கருகல் வாசனை. புள்ளி உடைந்து, பரவி, மறுபடி கூடியது. அதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். தோலை மறுபடி படிய வைத்து நீவிவிட்டார்கள். அப்புறம் அடுத்த கண்.

எழுப்பி உட்கார வைத்தபோது சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. புகைக்குள்தான் இருந்தது, ஆனால் முள் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் கடிகாரத்தின் முள்ளைப் பார்ப்பது அவளுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

*

ஓய்வறையில் விளக்கு மங்கலாக இருந்தது. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவளை ஒரு பெண் தொட்டு எழுப்பினார். நரைத்த கொண்டை, கழுத்தில் மருத்துவமனை அட்டை. வழக்கமாக இந்த வேலை பார்க்கும் நர்ஸ் இன்று விடுப்பு, அதனால் பரிசோதனை அறையிலிருந்து தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே சொட்டு மருந்தைத் திறந்தார். தலையை நிமிர்த்தி, கண்ணைத் திறக்கச் சொன்னார்.

திறந்தாள். சொட்டு விழவில்லை.

"ஏம்மா, நீங்களா?" என்றார் அந்தப் பெண். "ஸ்கேன் எடுத்தீங்களா இல்லையா? எத்தனை தடவ போன் போட்டோம்."

எந்த ஸ்கேன் என்று சின்னவள் கேட்டாள். கருவிழியின் தடிமன் பார்த்தார்களே, அதைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"தலை ஸ்கேன். அந்தக் கிண்ணத்துக்குள்ள முகத்த வெச்சு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னேனே. நேரா இருந்ததெல்லாம் அமுக்கினீங்க. ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணுகூட அமுக்கல. கண்ணுல கோளாறு இல்ல, உள்ள நரம்ப எதுவோ அழுத்துது, உடனே பாருங்கன்னு டாக்டர் தலையால தண்ணி குடிச்சாங்க. அத விட்டுட்டு லேசர் பண்ணிக்க வந்திருக்கீங்க. உங்களுக்கு யாரு இதுக்கு ஒத்துக்கிட்டது?"

அவர் நிஜமாகவே பதறிப்போயிருந்தார். டாக்டரைக் கூப்பிடத் திரும்பியவரின் கையைச் சின்னவள் பிடித்துக்கொண்டாள்.

"அது நான் இல்ல. எங்க அக்கா. நாங்க இரட்டை."

அந்தப் பெண் அவளை உற்றுப் பார்த்தார். பார்வை நெற்றியில் தொடங்கி மோவாய்வரை இறங்கியது. கண்ணாடி இல்லாத முகத்தை ஒருவர் பார்ப்பதைச் சின்னவள் முதன்முதலாகப் பார்த்தாள், புகை வழியாக.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"இல்ல" என்றாள் சின்னவள். "பஸ்ல அடிபட்டு. ரெண்டு வருஷம் ஆச்சு."

அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சொட்டு மருந்து பாட்டில் அவர் கையிலேயே இருந்தது. பஸ் பக்கவாட்டில் வந்திருக்கும் என்று மெல்லச் சொன்னார், கேள்வியாக அல்லாமல். சின்னவள் தலையசைத்தாள். தான் இதையெல்லாம் சொல்லியிருக்கக் கூடாது என்றார் அவர். ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்வது தப்பு, ஆனால் ஆள் மாறிப்போய்விட்டது. தினம் எத்தனையோ பேர் வருகிறார்கள், எல்லா முகமும் ஞாபகம் இருப்பதில்லை. இந்த முகம் மறக்காததற்குக் காரணம், கூட வந்த அம்மாள்.

"கூட யாரு வந்தது?" என்று கேட்டாள் சின்னவள்.

"உங்கம்மாதான். என்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க. இவ நல்ல கண்ணுக்காரி, கண்ணாடி போட்டவ வீட்ல இருக்கா, நீங்க ஆள் மாத்திப் பார்த்துட்டீங்க, மறுபடி பண்ணுங்கன்னு. மறுபடியும் பண்ணினேன். அதேதான் வந்துச்சு. அப்புறம் சத்தமே போடல."

சொட்டு விழுந்தது. சில்லென்று கன்னத்தில் வழிந்தது. அது மருந்துதான் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் பஞ்சால் ஒற்றியெடுத்தார்.

*

கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி ஒட்டி, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள். வேனில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மரப்பு போய் மணல் உறுத்தத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கொட்டியது. தொடாதே, கசக்காதே என்று அத்தான் இரண்டு தடவை சொன்னார்.

சொல்லிவிடவேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. டீ டம்ளரைத் தட்டிவிட்டது அதனால்தான் அத்தான். நிலையில் இடித்ததும் அதனால்தான். பஸ் வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவள் போகவில்லை. இவ்வளவுதான், சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் சொன்ன கையோடு அவர் கேட்கப்போகிற அடுத்த கேள்வி அவளுக்குத் தெரியும். இது யாருக்கெல்லாம் தெரியும்? இரண்டு வருஷமாக இந்த மனிதர் உருகுவதைப் பார்த்துக்கொண்டு, அவர் குழந்தைக்கு வாரா வாரம் தலை வாரிவிட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தது யார்?

முதலில் அம்மாவைக் கேட்கவேண்டும். சாயங்காலத்துக்குள் கேட்டுவிட்டு, அத்தானிடம் தானே சொல்லிவிடவேண்டும் என்று முடிவு செய்தாள்.

வண்டி ஒரு சிக்னலில் நின்றது. அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கமாட்டியே. பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு வாங்கித் தர்றேன். குழந்தை முன்னால மட்டுமாவது போட்டுக்கறியா?"

குழந்தைக்காகத்தானா என்று அவள் கேட்கவில்லை. சிக்னல் விழுந்தும், பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். எழுதிக் கொடுத்த சொட்டு மருந்துகளில் ஒன்று மருத்துவமனைக் கடையில் தீர்ந்துபோயிருந்தது. வேலையைப் பார்த்துவிட்டு, வேறு கடையில் வாங்கிச் சாயங்காலம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

*

தூங்கச் சொன்னபடி தூங்கிவிட்டாள். கேட்கவேண்டியதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படித் தூக்கம் வந்தது என்று பின்னால் நினைத்து வெட்கப்பட்டாள். உடம்பு அவளைக் கேட்காமலே அணைந்துவிட்டது.

விழித்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது. உறுத்தல் அடங்கியிருந்தது. பிளாஸ்டிக் மூடிக்கு அப்பால் எதிர்ச் சுவரின் விரிசல் தெரிந்தது. அலமாரி மேலிருந்த பெட்டியின் பூட்டு தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

"சொட்டு விடணுமாமே. சீட்டுல எழுதியிருக்கு" என்று அம்மா எழுந்து வந்தாள். மூடிகளைப் பக்குவமாக எடுத்தாள். கைகழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள், விரல்கள் ஈரமாக, சோப்பு மணத்தோடு இருந்தன. இமையை விரித்தவள், சொட்டை விடாமல் அப்படியே நின்றாள். சின்னவள் அந்த முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில், நடுவில் எதுவும் இல்லாமல், அம்மாவின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுத்திருப்பது தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது.

"அம்மா, அவளுக்கு ரெண்டு ஓரமும் தெரியலன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

அம்மா சொட்டை விட்டாள். ஒரு கண்ணுக்கு, பிறகு மறு கண்ணுக்கு. பாட்டிலை மூடி, மேஜையில் வைத்து, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நீதானே சொல்லாதேன்னு சொன்ன."

சின்னவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கேன்ல என்னன்னு தெரியட்டும், அப்புறம் நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு என் கையைப் பிடிச்சு வாங்கிக்கிட்டியே. சின்னவகிட்டகூட. அவ அழுதே ஊரைக் கூட்டிடுவான்னு சிரிச்ச."

அம்மாவுக்குப் புத்தி பிசகிவிடவில்லை. எதிரே இருப்பது யார் என்று தெரிந்தேதான் பேசினாள். ஆனால் அவளால் இந்த முகத்திடம்தான் பேச முடிந்தது. கண்ணாடி போட்டிருந்த முகத்திடம் இரண்டு வருஷமாகப் பேச முடியவில்லை. அது சின்னவளுக்குப் புரிந்ததும் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

"அன்னிக்கு ஸ்கேன் எடுக்கத்தான் வந்த. நான் முன்னாடியே போய் அந்தக் கட்டடத்து வாசல்ல நின்னேன். நீ ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு இருந்த. கூட்டத்துல என்னைத் தேடின. நான்தான் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். இங்க இருக்கேன், வான்னு."

தெருவில் யாரோ ஒரு கதவை இழுத்து அடைக்கிற சத்தம் கேட்டது.

"என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்துச்சு. நேரா என்னையே பார்த்துட்டு வந்த. நேரா இருக்கிறதுதான் உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கூப்பிட்டேன்."

பிறகு நடந்ததை அம்மா சுருக்கமாகத்தான் சொன்னாள். கால் நகரவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு அடி முன்னால் எடுத்து வைக்க முடியாமல், திரும்பி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். யாராவது வந்து சொல்வார்கள் என்று உட்கார்ந்திருந்தாள்.

வந்து சொன்னது சின்னவள்தான். அத்தானின் போன் வந்து, கிடங்கு உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்தாள். அம்மா கூடத்தில் வெளிச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். ஏன் செருப்போடு இருக்கிறாள் என்று கேட்க அன்றைக்கு யாருக்குத் தோன்றும்? விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

இப்போதும் பொத்திக்கொள்வாளோ என்று சின்னவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள்.

"நீ கூப்பிடலைன்னாலும் நான் வந்துதான் இருப்பேன்மா."

அம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தம் வரவில்லை.

"நான் யார்மேலயும் கோவமா வரல. காலையில நடந்ததெல்லாம் எனக்கு ஞாபகம்கூட இல்ல. நீ வாக்கு குடுத்தது போதும். அவர்கிட்ட சொல்லிடும்மா."

அத்தான் என்று வாயில் வரவில்லை. அவர் என்றுதான் வந்தது. பெரியவள் அப்படித்தான் சொல்வாள். குரலில் வித்தியாசம் கண்டுபிடிக்க இந்த வீட்டில் என்றைக்குமே யாராலும் முடிந்ததில்லை. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் சின்னவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று.

அம்மா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தியபோது, அவளையே பார்த்தாள். கண்ணீர் உலராத முகத்தோடு, "சின்னவளே, கண்ணைத் தொட்டுடாதேடி" என்றாள்.

அப்போதுதான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஏறி வருகிற சத்தம் இல்லை. இறங்கிப் போகிற சத்தம்.

சின்னவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். வாசற்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அம்மா எப்போதும் அதைத் தாழிடுவதில்லை. வெளிப்புறக் கைப்பிடியில் மருந்துக்கடைப் பை தொங்கியது. உள்ளே சொட்டு மருந்து ஒன்று, அதோடு புதிதாக ஒரு கண்ணாடிக் கூடு. திறந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றிருப்பார்? எதிலிருந்து கேட்டிருப்பார்? செத்துப்போன மனைவியின் குரல், காலையில் நடந்தது ஞாபகம்கூட இல்லை என்று சொன்னதைக் கேட்டிருப்பாரா? அதற்கு முன்னால் அம்மா சொன்னதையும் கேட்டிருப்பாரா?

ஜன்னலுக்கு ஓடினாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள நினைப்பே வரவில்லை. தெரு விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. அவர்கள் சொன்னபடியே ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். அதற்குக் கீழே எல்லாம் துல்லியமாக இருந்தது. எதிர்க்கடைப் பலகையின் எழுத்து, மின்கம்பியில் சிக்கிய நூல், வேனின் பின்பக்க எண். வேன் கதவு திறந்தபடியே இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை.

அத்தான் தெரு முனையில், பெரிய சாலை தொடங்குகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நடுநடுவே இடைவெளி கிடைத்தது. யார் வேண்டுமானாலும் கடந்துவிடக்கூடிய இடைவெளி. அவர் கடக்கவில்லை. திரும்பவும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு வந்தது?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட வாயெடுத்தாள். குரல் மேலெழும்பித் தொண்டையில் நின்றது. இந்தக் குரலில், இந்த இடத்திலிருந்து, சாலையோரம் நிற்கிற ஒரு மனிதரைக் கூப்பிட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

கூப்பிடாமல், வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள்.